நடு ஸ்பீக்கர் செத்த மாதம்

என் மாமனார் தில்லைநாதனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சுபோதினி கனடாவில். இளையவர் உமாசுதன் என் கணவர். மூன்றாவதாக ஒன்று ஹாலில் உட்கார்ந்திருந்தது, கறுப்பாக, அம்மிக்கல் கனத்தில். அதன் பெயர் ரிசீவர். பெற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்காத சலுகையெல்லாம் அதற்கு உண்டு. அதன் மேல் ஒரு கடிதாசியைக்கூட வைக்கக்கூடாது. அதன் முன்னால் குறுக்கே நடக்கக்கூடாது. வாணி விழா அன்று சரஸ்வதி படத்துக்கு அடுத்தபடியாகச் சந்தனப் பொட்டு வாங்குவதும் அதுதான்.

கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமா எனக்கு அதைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டார். தொலைக்காட்சியின் வேலை படம் காட்டுவது மட்டும்தானாம். சத்தம் முழுவதும் இந்தப் பெட்டிக்குள் போகும். பெட்டி அதைப் பிரித்து, பலம் கொடுத்து, ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும். பாட்டும் வெடியும் இரண்டு பக்கத்தாலும் வரும். மழை பின்னாலிருந்து பெய்யும். மனிதர் பேசுவது மட்டும் தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் நடு ஸ்பீக்கரால் வரும். நான் தலையை ஆட்டினேன். புதுப் பெண் வேறென்ன செய்வாள்?

எங்கள் ஃபிளாட் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி. கீழே கடற்கரை ரயில் போனால் டம்ளர் ஆடும். மாமா படம் போட்டால் டம்ளர் வைத்த மேசையும் ஆடும்.

நான் கொட்டாஞ்சேனைப் பெண். என் அப்பா பக்கம் மலைநாட்டுக்காரர்கள். மாமா வீட்டார் யாழ்ப்பாணத்தவர்கள். அவர்கள் வழக்கப்படி பெண் வீட்டார் சீதனமாக ஒரு வீட்டைக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பார். நான் காதலித்துக் கட்டியவள், வீடு கொண்டு வராதவள். ஆகவே மாப்பிள்ளை இருந்த இடத்திலேயே இருந்தார், நான்தான் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தேன். மாமி அருந்ததி இதை ஒருநாளும் என் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டியதில்லை. விருந்தாளிகள் வந்தால், "இவ கொட்டாஞ்சேனைப் பிள்ளை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். மிச்சத்தை வந்தவர்கள் நிரப்பிக்கொள்வார்கள்.

எனக்கு வேலை துறைமுகப் பக்கம் ஒரு கிளியரிங் கம்பனியில். தினமும் கொழும்பின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருவேன். அப்படியிருக்கும்போதுதான் கொட்டாஞ்சேனையில் என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த கொன்ஸ்ரன்ஸ் அன்டி தன் வீட்டு மேல்மாடியை வாடகைக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். இரண்டு அறை, ஒரு சின்ன ஹால், ஜன்னலைத் திறந்தால் கோயில் மணியும் கேட்கும், தேவாலய மணியும் கேட்கும். ஒஃபிசுக்கு நடந்தே போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, என் வீட்டில் நான் நினைத்த நேரத்துக்கு நினைத்ததைச் சமைத்து, நினைத்த சத்தத்தில் பேசலாம். எனக்கு அது வேண்டும். பசி மாதிரி வேண்டும்.

அடுத்த மாதக் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று அன்டி வாக்குக் கொடுத்துவிட்டார். பாக்கி இருந்தது ஒரேயொரு வேலை. தனியாகப் போகிறோம் என்று, ஒரு வருடமாகச் சொல்லாமல் இழுத்தடித்த அந்த ஒரு வரியைச் சுதன் தன் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

என் கணவர் நல்லவர். அதுதான் அவரிடம் இருக்கும் பெரிய குறை. ஒஃபிசில் ஒரு படையையே கட்டி மேய்க்கிறவர், அப்பாவின் முன்னால் நின்றால் பள்ளிக்கூட ரிப்போர்ட்டை மறைத்து வைத்திருக்கும் பையன்போல ஆகிவிடுவார். "நாளைக்குச் சொல்லுறன் ராணி" என்பார். அந்த நாளை எந்தக் கலண்டரிலும் இல்லை.

இந்தப் பேச்சையெல்லாம் நாங்கள் குசினியில்தான் நடத்துவோம். மாமா விளக்கு வைத்த கையோடு தினமும் ஒரு படம் போடுவார். மாமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் நாடகம் பார்ப்பார். ஹாலுக்கும் குசினிக்கும் நடுவே கதவு கிடையாது, மணி கோத்த திரை ஒன்று மட்டும்தான். ஆனால் மாமாவின் ஐந்து ஸ்பீக்கரும் சேர்ந்து முழங்கும்போது அதைவிடப் பெரிய கதவு எதற்கு? நான் கோப்பை கழுவ, சுதன் துடைக்க, எங்கள் குடும்ப ரகசியம் அனைத்தும் மாமாவின் செலவிலேயே பாதுகாப்பாக இருந்தது.

அப்போதுதான் நடு ஸ்பீக்கர் செத்தது.

ஒரு நாள் படத்தில் கதாநாயகன் அம்மாவின் காலில் விழுந்து வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. வயலின் அழுதது, வானம் இடித்தது, அவன் மட்டும் மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடினான். மாமா ரிமோட்டைத் தட்டினார், வயரை ஆட்டினார், கடைசியில் புறக்கோட்டையில் எலெக்ட்ரோனிக்ஸ் கடை வைத்திருக்கும் இன்ஸாபைக் கூப்பிட்டார்.

இன்ஸாப் மூடியைக் கழற்றி, மூக்கை உள்ளே விட்டு மணந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஸேர், ஸ்பீக்கர்ல பிழையில்ல. நடுச் சத்தத்துக்குப் பலம் குடுக்கிற பகுதி பெட்டிக்குள்ள எரிஞ்சி போய்ட்டு. இதுக்குப் பார்ட்ஸ் இப்ப வாறல்ல. ரெண்டு வழி ஈக்கி. புது ரிசீவர் ஒண்டு எடுங்க. இல்லாட்டி இதையே வெச்சிக்கிட்டு, தனியா ஒரு அம்ப்ளிஃபயர் எடுத்துப் பின்னால கொழுவுங்க. மூளை இதுல, மசில் அதுல."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார் மாமா.

இன்ஸாப் வாசல் வரைக்கும் போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே மாமாவிடம் இன்னும் ஏதோ சொன்னார். மாமா வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மாமா காப்புறுதிக் கம்பனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு நேரக்கூடிய விபத்துகளைப் பற்றியே யோசித்தவர். அப்படிப்பட்டவருக்கு இரண்டு வழி காட்டினால் என்ன ஆகும்? காலையில் கோப்பியோடு யூடியூப்பில் வெள்ளைக்காரர்களின் சண்டை ஆரம்பமாகும். ஒருவன் ரிசீவரே போதும் என்பான், அடுத்தவன் அம்ப்ளிஃபயர் இல்லாதவன் மனிதனே இல்லை என்பான். மாமா இருவருக்கும் தலையாட்டுவார். காவலாளியைக் கேட்டார். மரக்கறிக்காரனைக் கேட்டார். பல் வைத்தியர் வாயைத் திறக்கச் சொன்னபோது, திறந்த வாயால் அவரையும் கேட்டாராம்.

சுபோதினி கனடாவிலிருந்து வீடியோவில் வந்து, "அப்பா, நான் இங்கயிருந்து ஒண்டு அனுப்பிவிடுறன்" என்றாள்.

"அங்கத்தையக் கரண்ட் வேற, பிள்ளை. இங்க செருகினா புகைதான் வரும்" என்றார் மாமா.

மாமியைக் கேட்டபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வசனம் இல்லாட்டி என்னப்பா? இந்தப் படங்களில ஆர் கதைக்கினம்? வெட்டுறதுதானே."

முடிவு வரும்வரைக்கும் படம் நிற்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். வசனமே இல்லாமல் மாமா தினமும் படம் பார்த்தார். "தெரிஞ்ச கதைதானே" என்றார். எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஹாலில் குதிரை ஓடியது, குசினியில் எங்கள் சண்டை ஓடியது.

"உங்கப்பா ஒரு பெட்டிக்கு ஒரு மாசமா யோசிக்கிறாரு. நீங்க ஒரு வரி சொல்றதுக்கு ஒரு வருஷமா யோசிக்கிறீங்க. ரத்தம் பொய் சொல்லாது" என்றேன் ஒரு நாள்.

"மெல்லக் கதையும். அப்பாக்குக் கேக்கும்."

"கேக்காது. அங்க பாலம் வெடிக்குது."

பாலம் வெடித்து முடிந்தது. சுதன் துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தார். "அக்கா கனடாவில. அம்மா போனுக்குள்ள. நானும் போயிட்டா அவர் ஆரோட கதைக்கிறது ராணி?"

"இப்ப மட்டும் உங்களோடயா பேசுறாரு?"

"அதில்லை…"

"கேளுங்க சுதன். இந்த வீட்டுல என்னைய ஒரு ஆளா மதிக்கிறது உங்கப்பா ஒருத்தர்தான். நான் உங்க மாதிரி 'கதைக்கிறன்'னு சொல்லாம 'பேசுறேன்'னு சொன்னா மாமி சிரிப்பாங்க, அவர் சிரிக்கமாட்டாரு. அவர்மேல எனக்குப் பாசம்தான். அதுக்காக அவரோட ஒரே பெட்டிக்குள்ள காலம் பூரா அடைஞ்சு கிடக்கணுமா? விட்டா நம்மளையும் வயர் போட்டுக் கட்டி வெச்சுக்குவாரு உங்கப்பா. நடுவுல நான்தான் எரிஞ்சு போவேன்."

"நாளைக்குச் சொல்லுறன்" என்றார் என் வீரர்.

மறுநாள் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே மாமா தன் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார். "யோசிச்சுப் பாத்தா தனி அம்ப்ளிஃபயர்தான் சரி. எல்லாத்தையும் ஒரு பெட்டிக்குள்ள அடைச்சா சூடேறும். சூடேறினா ஏதாவதொண்டு எரியும். ஒண்டு எரிஞ்சா முழுப் பெட்டிக்கும் கெட்ட பெயர். பிரிச்சு வச்சா அதுஅது தன்ர வேலையை நிம்மதியாச் செய்யும்."

எனக்குள் ஒரு பிசாசு எழுந்தது. "ஆமா மாமா. பிரிச்சு வெச்சாத்தான் நல்லது. எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றேன்.

சுதனுக்குப் புரையேறியது. மாமா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சம்பலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ஓம் பிள்ளை. ஆனா நடுவில போற வயர் நல்ல வயரா இருக்கோணும்" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். மனிதர் தன் வாயாலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். இனி அதே வசனத்தைச் சுதன் அம்ப்ளிஃபயருக்குப் பதிலாக எங்கள் பெயரைப் போட்டுச் சொன்னால் போதும். அதற்கும் அவர் நாளை என்றார்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள். மாமா போன் பண்ணி, புறக்கோட்டைக்கு வருகிறேன், நீரும் கடைக்கு வாரும் என்றார். இன்ஸாபின் கடை முதலாம் குறுக்குத்தெருவில், சந்துக்குள் சந்து. இன்ஸாப் மேசையில் ஏற்கெனவே அம்ப்ளிஃபயரைத் துடைத்து வைத்திருந்தார். அருகில் பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது.

மாமா அதைத் தடவிப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ரிசீவர் ஒண்டு தாரும்."

இன்ஸாபின் கையிலிருந்த துணி நின்றது. "என்ன ஸேர்! நீங்கதானே இந்த வாரம் முழுக்க தனி அம்ப்ளிஃபயர், தனி அம்ப்ளிஃபயரெண்டு என்ட காதைத் திண்ட?"

"மனம் மாறிட்டுது."

"அப்ப பழையத எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டு வந்து தாங்க. நல்லாக் கழிச்சித் தாறன்."

"அது குடுக்கிறதுக்கில்லை."

எனக்கு அந்த இடத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் மறுபடி ஒரே பெட்டிக்குள் அடைக்கப்போகிறார்! தீர்ப்பைக் கிழித்துப் போட்டுவிட்டார்! மாமா காசு கொடுக்கப் பக்கத்து மேசைக்குப் போன நேரம், இன்ஸாப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே என்னிடம் முணுமுணுத்தார்.

"ஒங்கட மாமா ஒரு விசித்திரமான ஆள் தங்கச்சி. வசனம் இல்லாம ஒரு மாசமாப் படம் பாக்குறாராமே. தேவையே இல்ல. ரிமோட்டுல செட்டிங்குக்குப் போய் 'நடு ஸ்பீக்கர் இல்ல'ண்டு போட்டா, வசனம் ரெண்டு பக்கத்தாலயும் தானா வரும். நான் முதல் நாளே சொன்ன. வாணாமெண்டுட்டார்."

த்ரீவீலில் பெட்டி என் மடியில் இருந்தது. கோட்டையைத் தாண்டி, காலிமுகத்திடலில் காற்று முகத்தில் அடிக்கும்போது எனக்கு மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியது. வசனம் வரும் வழி மாமாவுக்குத் தெரியும். தெரிந்தும் போடவில்லை. படத்தில் ஆள் பேசும் நேரமெல்லாம் ஹால் அமைதியாக இருந்திருக்கிறது. நாங்கள் ஹாலில் வெடித்த குண்டுகளை மட்டும்தான் எண்ணினோம். குண்டுக்கும் குண்டுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான்.

"மாமா," என்றேன், "நாங்க குசினியில பேசுறது உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார்: "ஒரு மாதமா எங்கட வீட்டில ஓடின எல்லாப் படத்துக்கும் வசனம் குசினியிலயிருந்துதானே வந்தது."

"எல்லாமேவா?"

"சண்டைக் காட்சியளில கேக்கேல்ல. அதில தப்பினீங்கள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "முதல் நாள் கேட்டவுடனே நெஞ்சு அடைச்சது பிள்ளை. என்ர பிள்ளை என்னட்டச் சொல்லப் பயந்து குசினிக்குள்ள ஒளிச்சு நிக்கிறானெண்டு. ரெண்டாம் நாள், மிச்சத்தையும் கேப்பமெண்டிருந்தது. பிறகு மாமிக்கு நாடகம் மாதிரி எனக்கும் விட ஏலாமல் போச்சு."

"நான் கண்டபடி பேசிட்டேன் மாமா. வயர் போட்டுக் கட்டி வெச்சுக்குவாருன்னு…"

"அது நல்ல வசனம்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. த்ரீவீல்காரன் கண்ணாடியில் பார்க்கிறானே என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். "அப்ப ஏன் இதை வாங்குனீங்க? பிரிச்சு வெச்சாத்தான் நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அம்ப்ளிஃபயரை வாங்கினா பழைய பெட்டியும் என்னோடயே இருக்க வேணும். மூளை அதிலதானே. இதை வாங்கினாத்தான் பழசு மிஞ்சும்." மாமா திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்கள் கொட்டாஞ்சேனைக்கு வெறுங்கையோட போறதே? ஆனா ஒண்டு. எனக்குத் தெரியுமெண்டு சுதனுக்குச் சொல்லிப்போடாதையும். அவன் தன்ர வாயால சொல்லட்டும். நான் அதுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறன்."

பம்பலப்பிட்டியில் ட்ரஃபிக்கில் நின்றபோது மாமா த்ரீவீல்காரனிடம், "மல்லி, ஹெமின் யமு, படு ஹெப்பெனவா" என்று சிங்களத்தில் சொன்னார். மெதுவாகப் போவோம், சாமான் தட்டுப்படும் என்று. பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான்தான் குலுங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை புது ரிசீவர் மேடையேறியது, சந்தனப் பொட்டோடு. மாமா படம் போட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கதாநாயகன் பேசினான், நாயகி பேசினாள், வில்லனின் மாமாகூடப் பேசினார். நான் கோப்பை கழுவினேன். வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தேன்.

சுதன் வந்து என் காதருகே குனிந்தார். "நாளைக்குச் சொல்லுறன் ராணி. இண்டைக்கு அப்பா சந்தோஷமா இருக்கிறார்."

ஹாலில் சத்தம் நின்றது. திரை மணிகளின் இடுக்கால் பார்த்தேன். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாமாவின் கையில் ரிமோட் இருந்தது. குழாயில் சொட்டிய தண்ணீர் ஊர் முழுக்கக் கேட்டது.

"சுதன்," என்றார் மாமா, "நாளைக்கு என்ன?" ஒரு மாதமாகக் கேட்ட வசனம், காதில் விழாமலே அவருக்குத் தெரிந்திருக்கும்.

என் கணவரின் முகத்தில் ரத்தம் இல்லை. திரையை விலக்கிக்கொண்டு போனார். "ஒண்டுமில்லை அப்பா. நாங்கள்… ஒரு வீடு…"

"கேக்கேல்ல. கொஞ்சம் பலமாச் சொல்லு."

"நாங்கள் அப்பா… கொட்டாஞ்சேனையில…"

"இன்னும் பலமா."

"நாங்கள் தனியாப் போறம் அப்பா! கொட்டாஞ்சேனைக்கு!"

கீழ்மாடிக்காரருக்கும் கேட்டிருக்கும். அறைக் கதவைத் திறந்துகொண்டு மாமி வெளியே வந்தார். காதிலிருந்த வயரைக் கழற்றினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அதுக்கேன் கத்துறாய்?" என்றார் மாமி. "எங்கட வழக்கப்படி பொடியன்தானே பொம்பிளையின்ர பக்கம் போறது. இவ்வளவு நாளும் நீ இங்க இருந்ததுதான் பிழை. சனத்துக்கு மறுமொழி சொல்லி என்ர வாய் நொந்துபோச்சு." வயரைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு உள்ளே போனார். ஒரு வருடமாக நான் பயந்து செத்த பேய் அவ்வளவுதான்.

மாமா எழுந்து சுதனின் தோளில் கை வைத்தார். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. "கட்டிலுக்குக் கீழ பழைய ரிசீவரும் ஒரு சோடி ஸ்பீக்கரும் கட்டி வச்சிருக்கு. பாரம். நீயே தூக்கு" என்றார். சுதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், இன்றைக்கும் விளங்காது.

நல்ல நாள் பார்த்துக் கொட்டாஞ்சேனையில் பால் காய்ச்சினோம். மாமி நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் கொண்டு வந்து வைத்து, கொன்ஸ்ரன்ஸ் அன்டியிடம், "இது எங்கட மருமகளின்ர வீடு" என்றார். மாமா பழைய பெட்டியைச் சுவரோரமாக வைத்து, வயர்களைக் கொழுவி, பொட்டு வைத்து, படம் போட்டார். கதாநாயகன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

மாமா வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "நடு வேலை செய்யாதுதானே. இதுக்கு ரெண்டு வழி இருக்கு பிள்ளை. புது ரிசீவர் ஒண்டு எடுக்கலாம், இல்லாட்டித் தனி அம்ப்ளிஃபயர். அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு வந்து வடிவாப் பாக்கிறன்."

அடுத்த ஞாயிறு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். வடையும் பேப்பரும் கொண்டு வருகிறார், பெட்டியின் பின்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்க்கிறார், யோசித்துச் சொல்வதாகச் சொல்கிறார், பிறகு வசனமில்லாத ஒரு படத்தைப் போட்டுக்கொண்டு சாய்ந்துகொள்கிறார்.

சுதன் இல்லாத ஒரு நாள் நான் ரிமோட்டை எடுத்து, இன்ஸாப் சொன்ன இடத்துக்குப் போய், நடு ஸ்பீக்கர் இல்லை என்று போட்டுப் பார்த்தேன். வசனம் கணீரென்று வந்தது. ஒரு காட்சி முடியும்வரை கேட்டுவிட்டு, முன்பு இருந்தபடியே மாற்றி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுதனோடு குசினியில் நின்று பேசுவதை நான் இப்போதெல்லாம் சத்தமாகத்தான் பேசுகிறேன். "ஏன் இப்பிடிக் கத்துறீர்?" என்று சுதன் கேட்பார். ஹாலில் ஒருவர் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்குக் கேட்க வேண்டாமா?